ஓரத்தில் ஒரு டீசல் எஞ்சின்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்ட்டிக்குப் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தோடுதான் திரும்புகிறார்கள். சாம்பல் நிறக் கூண்டு வைத்த குதிரை வண்டி, பின்னால் மக்காச்சோளக் காடு, அதற்கும் பின்னால் வெள்ளைக் களஞ்சியமும் தீவனக் கோபுரமும், மேலே கொஞ்சம் பனி. பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் என்று வெளியூர்க்காரர்களைச் சிரிக்கவைக்கும் பெயருள்ள ஊர்களில், கடைக்குக் கடை இந்தப் படம்தான் நாள்காட்டியிலும் காபிக் கோப்பையிலும் இருக்கிறது. நானும் எடுத்திருக்கிறேன். நன்றாகவே வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அதில் சந்தேகம் வந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே போனபோது உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் துணைக்கு வந்தார். ஆமிஷ் பண்ணைகளுக்கு நடுவே வளர்ந்தவர், ஆமிஷ் அல்ல. காரில் ஏறியதுமே சட்டதிட்டங்களை அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் பையை விட்டு எடுக்கக் கூடாது. வண்டிக்குப் பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்டிப் படமெடுக்கக் கூடாது, குதிரை மிரளும். குழந்தைகளிடம் போய் அனுமதி கேட்கக் கூடாது. யாராவது முதுகைத் திருப்பினால் அதுதான் பதில், கேமராவை இறக்கிவிட வேண்டும். பொதுச் சாலையில் நின்று எதை எடுத்தாலும் அமெரிக்கச் சட்டம் தடுக்காது. "சட்டத்தை நம்பி வருகிறவர்களுக்கு இங்கே ஒரு வாசலும் திறக்காது" என்றார்.

ஆமிஷ் மக்கள் 1693இல் யாகோப் அம்மானைப் பின்பற்றி, சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் இருந்த அனபாப்டிஸ்டு கிறிஸ்தவர்களிடமிருந்து பிரிந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். படத்துக்கு நிற்க அவர்கள் மறுப்பதற்கு உருவம் செய்யாதே என்னும், யாத்திராகமத்தின் இரண்டாம் கட்டளையைக் காரணம் சொல்வார்கள். அதைவிட ஆழமான காரணம், தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்வது அகந்தை என்ற எண்ணம். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. வயலில் வேலை நடக்கும்போது தூரத்திலிருந்து எடுத்தால் பலர் கண்டுகொள்வதில்லை. சிலருக்கு அதுவும் பிடிக்காது. ஆளைப் பார்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தயக்கத்தோடு ஒத்துப்போய் நல்ல வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜார்ஜ் டைஸ் அறுபதுகளில் இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், மில்லன் பிராண்டின் எழுத்தோடு 1970இல் 'ஃபீல்ட்ஸ் ஆஃப் பீஸ்' என்ற புத்தகமாக வந்தன. ஆனால் 1985இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த 'விட்னஸ்' வெளியானது. ஆமிஷ் என்றதும் உலகத்தின் மனதில் தோன்றும் காட்சியைப் பெரிதும் தீர்மானித்தது அந்தத் திரைப்படம்தான்.

துணைக்கு வந்தவர் வருஷக்கணக்காகக் காய்கறி வாங்கும் ஒரு பண்ணையில் அன்று புகையிலை அறுவடை. பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களை நிற்கவைத்து எடுக்க வேண்டாம். நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கிறோம், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்." அவ்வளவுதான் பேச்சு.

சுருட்டுக்குப் போகும் அகல இலைப் புகையிலை இது. நீளக் கைப்பிடி வைத்த கத்தரியால் செடியை அடியோடு வெட்டி, வரிசையிலேயே வாடப் போடுகிறார்கள். வாடாத இலை கை பட்டாலே ஒடியும். வாடிய பிறகு நாலடி ரீப்பர் குச்சியின் முனையில் ஈட்டிபோல ஓர் இரும்புக் கூம்பை மாட்டி, தண்டைக் குத்திக் குத்திக் கோக்கிறார்கள். ஒரு குச்சிக்கு ஐந்தாறு செடி. நிரம்பியதும் கூம்பைக் கழற்றி அடுத்த குச்சியில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பா வெட்ட, பெரிய பையன்கள் கோக்க, சின்னவன் வண்டியில் பூட்டிய கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டான். பெண் பிள்ளைகளும் வெறுங்காலோடு வரிசைக்குள் இருந்தார்கள். புகையிலைப் பிசின் எல்லார் கையிலும் கறுப்பாகப் படிந்திருந்தது.

உச்சி வெயிலில் படமெடுக்கக் கூடாது என்பது புகைப்படக்காரர்களின் பால பாடம். இங்கே அதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது வைக்கோல் தொப்பியின் விளிம்பு முகத்தை முழுக்க நிழலில் தள்ளிவிடுகிறது. தொப்பியின் வெள்ளைக்கு ஒளியளவை வைத்தால் முகம் இருட்டிலேயே தங்கிவிடும். தோள்வார், குனிந்த முதுகு, குச்சியை அழுத்தும் கை மட்டும் துலங்கும். காலையும் மாலையும் அழகான ஒளிதான். ஆனால் சாய்ந்து வரும் அந்த ஒளி நேராகத் தொப்பிக்கு அடியில் புகுந்து முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கொட்டகைக்குள் வேறு கணக்கு. புகையிலைக் கொட்டகையின் சுவரில் காற்று வருவதற்காக நெடுக்குப் பலகைகள் கதவுபோலத் திறக்கும். அவற்றின் வழியே ஒளி பட்டைபட்டையாக விழுகிறது. அடுக்கடுக்கான உத்தரங்களில் கால் அகட்டி ஆட்கள் நிற்க, செடி கோத்த குச்சி கீழிருந்து கைமாறி உச்சிக்குப் போகிறது. பச்சை இலை தண்ணீர்ப் பாரம். மேலே நிற்கிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றியும் கைகள் கலங்கித்தான் விழுந்தன. கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இலை காய வாரக்கணக்காகும். பிறகு ஈரக்காற்று வீசும் நாள் பார்த்து இறக்கி, குளிர்காலத்தில் உட்கார்ந்து தண்டிலிருந்து இலையை உரிப்பார்கள்.

கொட்டகைக்கு வெளியே பால் அறைப் பக்கத்திலிருந்து டீசல் எஞ்சினின் தடதடப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. களஞ்சியத்தை எடுக்க முக்காலியை ஊன்றிய துணைக்காரர் எஞ்சினின் புகைக்குழாயைப் பார்த்தார், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். குழாய் மறைந்தது. என்னிடமிருக்கும் நாள்காட்டிப் படமும் இப்படி நகர்ந்து எடுத்ததுதான்.

பாலைக் குளிர்வித்துத் தொட்டியில் வைத்தால்தான் பால் நிறுவனம் வாங்கும். ஊர் மின்கம்பியை வீட்டுக்கு இழுக்கத் திருச்சபை சம்மதிக்காது. ஆகவே டீசல் குளிர்விக்கிறது, தச்சுப் பட்டறையில் காற்றழுத்தத்தால் கருவிகள் ஓடுகின்றன. டிராக்டர் களஞ்சியத்தடியில் நின்று தீவனம் வெட்டலாம், உழவுக்கு வயலில் இறங்கக் கூடாது. இதில் முரண் தேடுவது வந்து போகிறவர்களின் பொழுதுபோக்கு. எந்தக் கருவி வந்தால் குடும்பமும் அண்டை அயலும் சிதறும், எது வந்தால் சிதறாது என்று அவர்கள் கருவிக்குக் கருவி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அவர்களைக் காலத்தில் உறைந்தவர்களாகக் காட்டும் படம் இந்த யோசனை முழுவதையும் அழித்துவிடுகிறது. முகத்தை எடுப்பதா வேண்டாமா என்று நாம் அவ்வளவு கவலைப்படுகிறோம். எதை வெட்டி எறிகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

வெட்டி எறிவது எஞ்சினை மட்டுமல்ல. 30ஆம் எண் நெடுஞ்சாலையின் தள்ளுபடிக் கடைகள், பண்ணை வேலியை ஒட்டி முளைத்த புது வீட்டு மனைகள் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே போகின்றன. ஆமிஷ் மக்கள்தொகை 20 ஆண்டுக்கொரு முறை ஏறக்குறைய இரட்டிப்பாகி, வட அமெரிக்காவில் 4 லட்சத்தைத் தொட்டுவிட்டது. நிலமோ பெருகவில்லை. லங்காஸ்டரில் இன்று பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பிழைப்பு உழவல்ல, தச்சும் கட்டட வேலையும் கடையும்தான்.

பிற்பகலில் குதிரைமசால் புல்லைக் கட்டுக் கட்டினார்கள். முன்னால் நான்கு கோவேறு கழுதைகள், பின்னால் இரும்புச் சக்கரத்தில் கட்டுக் கட்டும் இயந்திரம், அதன் முதுகில் உறுமும் எஞ்சின். டெலி லென்ஸில் தூரம் சுருங்கி, எஞ்சினின் அனல் கழுதைகளின் காதுக்கு மேல் அலையடித்தது. அன்று எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். துணைக்காரர் திரையைப் பார்த்து, "இது விற்காது" என்றார். உண்மைதான், விற்கவில்லை.

பண்ணைக்காரரும் எட்டிப் பார்த்தார். தன் மகன்களை விட்டுவிட்டு வலப்பக்கக் கழுதையைத் தொட்டுக் காட்டினார். மார்ச்சில் கார்டன்வில் தீயணைப்புப் படையினரின் ஏலத்தில் அதை விற்கப்போகிறாராம், முன்கூட்டியே ஆட்களிடம் காட்ட ஒரு படம் இருந்தால் நல்லது. ஆனால் இந்தப் படத்தில் புல்தூசி கால்களை மறைக்கிறது, காலைப் பார்க்காமல் எவன் வாங்குவான்? நுகத்தடியிலிருந்து கழற்றி, களஞ்சியச் சுவரோரம் பக்கவாட்டில் நிறுத்தினார். நாலு காலும் தெரிய வேண்டும், காது நிமிர்ந்திருக்க வேண்டும் என்றார். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. சின்னவன் ஓடிப்போய்த் தீவன வாளியைத் தட்டினான். காது நிமிர்ந்தது, எடுத்தேன். "இன்னொன்று" என்றார், "கயிறு முகத்தை மறைக்கிறது."