வலது கால்

பழைய புல்லட் ஒன்று வாங்கக் குப்பனூருக்குப் போனேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம். எங்கள் இருவருக்கும் வேலை ஏற்காட்டில். தினம் மலை ஏறி இறங்க வேண்டும்.

விமர்சனம் எழுதுகிறவனுக்கு மேற்பூச்சின் மீது சந்தேகம் அதிகம். விடிந்ததும் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். கடன் பாக்கி ஏதுமில்லை. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை இல்லை. ஆயில் மட்டும் கொஞ்சம் கசிந்தது. அதை ஒரு நேர்மை என்று எடுத்துக்கொண்டேன்.

"அது நேர்மை இல்லைங்க, கேஸ்கட்டு" என்றார் விற்கிறவர்.

என்ஃபீல்டை இங்கே தயாரிக்க 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் பிரிட்டிஷ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. பிரிட்டனில் 1970இல் அந்தக் கம்பெனியே நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் அதே வார்ப்பிரும்பு எஞ்சினைப் பல ஆண்டுகள் செய்தார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதுவும் பிரிட்டிஷ் பழக்கம்தான். ஆங்கில இலக்கியம் படித்து, அங்கே கைவிடப்பட்டதை இங்கே பேணி வரும் என் போன்றவர்களுக்கு அதன் மேல் பிரியம் வருவதில் ஆச்சரியமில்லை.

அவரைப் பின்னால் உட்கார்த்திக்கொண்டு மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினேன். வண்டி திணறவில்லை. திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே லாரி. வலது கால், பத்து வருஷப் பழக்கத்தில், பிரேக்கை அழுத்தியது. அழுந்தியது கியர். இந்த வண்டியில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. எஞ்சினின் பிடி தளர்ந்து வண்டி முன்னே ஓடியது. கை பிரேக்கில்தான் நின்றோம்.

நம்பகம் என்பதை வண்டிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். வண்டிக்கும் ஓட்டுகிறவன் உடம்புக்கும் இடையில் அது உண்டாக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. பிரதியைக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, வாசிக்கிறவனைப் பார்க்காமல் விட்ட என் கட்டுரைகள் சில ஞாபகம் வந்தன.

"வண்டியில குறையில்லைங்க. உங்க காலுதான் இன்னும் பழகல" என்றார் அவர்.

வாங்கிவிட்டேன். ஒரு மாதமாகச் சமவெளியில் தனியாக ஓட்டிப் பழகுகிறேன். மனைவி இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். நானும்தான்.