ஹீலோவின் அபாயச் சங்கும் எங்கள் பள்ளியின் லாங் பெல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன புதன்கிழமை (2025 ஜூலை 30) காலையில் காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்தால், ரஷ்யாவின் கம்சட்கா பக்கம் 8.8 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஹவாய் தீவுகளில் அபாயச் சங்கு ஊதும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்தன. மேட்டுப் பக்கம் போகிற சாலைகளெல்லாம் கார்களாக நின்றன. நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. அங்கே அன்று இரவே எச்சரிக்கையைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதே சங்கை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

2019இல் கேட்டது. ஓய்வு பெற்ற மறு வருடம். கலிபோர்னியாவில் இருக்கும் மகன் என்னை ஹவாய்க்குக் கூட்டிக்கொண்டு போனான். "கடல் எல்லாம் எனக்கு வேண்டாம்டா" என்றேன். "எரிமலை பார்க்கலாம்மா" என்று ஆசை காட்டினான். பெரிய தீவு என்று சொல்லப்படும் ஹவாய் தீவின் கிழக்குக் கரையில் ஹீலோ என்று ஒரு சின்ன நகரம். மழைக்குப் பேர்போன ஊர். ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறோம். திடீரென்று ஒரே சுருதியில் நீளமாக ஒரு ஊளை. நான் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் மேடு என்று பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு பாட்டி நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"டெஸ்ட்டும்மா. மாசாமாசம் முதல் வேலை நாள்ல 11:45க்கு ஊதுவாங்களாம்" என்றான்.

எனக்கு எங்கள் ஊர் நகராட்சிச் சங்கு ஞாபகம் வந்தது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மதியச் சங்கு ஊதினால் அம்மா உலையை இறக்குவாள். ஜனவரி 30 காலை 11 மணிக்கு அதே சங்கு ஊதினால் காந்திக்காக எழுந்து நிற்போம். ஒரே சங்குதான். ஒன்று சோற்றுக்கு, ஒன்று அஞ்சலிக்கு. யாரும் குழம்பியதில்லை, ஏனென்றால் சின்ன வயதிலேயே யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஹீலோவில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் சுனாமி அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். உள்ளே போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். போனேன். மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.

1946 ஏப்ரல் 1. அலாஸ்கா பக்கம் அலூஷியன் தீவுகளில் நிலநடுக்கம். ஐந்து மணி நேரம் கழித்து, காலை 7 மணி வாக்கில், அலை ஹவாய்க்கு வந்தது. சுனாமிக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. கடலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கத்தியவர்களையும், ஏப்ரல் முதல் தேதி ஆயிற்றே, முட்டாளாக்குகிறார்கள் என்று பலர் நம்பவில்லை. ஹீலோவில் மட்டும் 96 பேர் இறந்தார்கள். வடக்கே லாபஹோஹோ என்ற இடத்தில் கடலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். தண்ணீர் உள்வாங்கி மீன்கள் துள்ளுவதைப் பார்க்கப் பிள்ளைகள் இறங்கிப் போயிருக்கிறார்கள். மாணவர்களும் ஆசிரியர்களுமாக அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஆசிரியர் குடில் ஒன்றில் தங்கியிருந்த நான்கு இளம் ஆசிரியைகளில் பிழைத்தது ஒருவர். அந்தப் படத்தின் முன்னால் நான் நின்றதை மகன் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரியும். நான் வேலை பார்த்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவ கிராமத்தின் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை வேறு. பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டில் ஆறு பெயர்களைச் சிவப்பு மையால் நானே அடித்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

1946க்குப் பிறகுதான் அமெரிக்க அரசு விழித்துக்கொண்டு, 1949இல் ஹவாயில் ஒரு சுனாமி எச்சரிக்கை மையத்தை அமைத்தது. (2004 அன்று இந்தோனேசியாவில் பூமி அதிர்ந்த கால் மணி நேரத்துக்குள் அந்த மையத்திலிருந்து ஒரு குறிப்பு வெளியானது. பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று. எங்கள் கடலுக்குத் தகவல் சொல்ல அன்றைக்கு ஏற்பாடே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது எங்களுக்கு. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். அதனால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போகிறேன்.)

ஆக, 1960இல் ஹீலோவுக்கு எச்சரிக்கை மையம் இருந்தது, சங்கும் இருந்தது. மே 22ஆம் தேதி சிலி நாட்டில் 9.5 அளவில் நிலநடுக்கம். கருவிகள் பதிவு செய்ததில் இன்றுவரை அதுதான் மிகப் பெரியது. அலை ஹவாய் வந்து சேர ஏறக்குறைய 15 மணி நேரம். நள்ளிரவு வாக்கில் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். இரவு 8:30 மணிக்கு ஹீலோவில் சங்கு ஊதியது. கணக்குச் சரியாக இருந்தது, சங்கும் பழுதில்லை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் காதால் கேட்டார்கள். ஆனாலும் 61 பேர் செத்தார்கள்.

எப்படி? முன்பெல்லாம் சங்கு ஒரு தடவையோடு நிற்காதாம். முதல் சங்கு என்றால் தயாராக இரு, அடுத்த சங்கு என்றால் கிளம்பு. சில மாதங்களுக்கு முன்புதான் அந்த முறையை மாற்றி, ஊதினாலே கிளம்ப வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். மாற்றியது அலுவலகத்துக்குத் தெரியும், ஊருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பலர் இரண்டாவது சங்குக்காகக் காத்திருந்தார்கள். 1952லும் 1957லும் எச்சரித்தபோது ஹீலோவில் உயிர்ச்சேதம் இல்லாததால், என்னதான் வருகிறது பார்ப்போம் என்று கரைக்கே போனவர்களும் உண்டு. நள்ளிரவு தாண்டி வந்த முதல் அலை சின்னது. அவ்வளவுதானா என்று சிலர் வீடு திரும்பினார்கள். ஒரு மணி நாலு நிமிடத்துக்குப் பெரிய அலை வந்தது. வைகேயா பகுதியில் 1:04இல் நின்றுபோன தெருக் கடிகாரத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் ஒரு காலத்தில் வீடும் கடையுமாக நெருக்கியடித்த இடம் இன்று வெறும் புல்வெளி. மறுபடி யாரையும் குடியேற விடவில்லை.

அந்த இரண்டாவது சங்கு விஷயத்தை மகன் வாசித்துச் சொன்னபோதுதான் எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அவனுக்குக்கூட அதுவரை நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் 2 மணிக்கு மேல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில்கூட உணர்ந்தார்கள், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழகக் கரைக்கு சுனாமி எச்சரிக்கை. டீக்கடை டிவியில் பார்த்துவிட்டு ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். பள்ளி நடந்துகொண்டிருந்தது. 2004க்குப் பிறகு நான் பிள்ளைகளுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருந்தேன். கடல் உள்ளே போனால் என்ன, நிலம் ஆடினால் என்ன, மேற்கே மேட்டில் இருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும், எல்லாம். படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். பார்க்க வந்த அதிகாரி பாராட்டிவிட்டும் போனார்.

அன்றைக்குப் பதற்றத்தில் எல்லோரையும் முற்றத்தில் சேர்க்க வேண்டும் என்று தண்டவாளத் துண்டை எடுத்து அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும், நிறுத்தாமல் அடித்தால் அது என்ன என்று. லாங் பெல். பள்ளி விட்டாச்சு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் "ஹேய்" என்று கத்திக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு. வீடு எல்லாம் கிழக்கே, கடலோரம்.

நானும் உடன் வேலை பார்த்த ஆசிரியரும் கத்திப் பிடித்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஓடிப்போய் நிறையப் பேரை மடக்கினார்கள். அதற்குள் ஏழு பிள்ளைகள் போய்விட்டார்கள். பெற்றவர்கள் வேறு சந்து வழியாகப் பிள்ளையைத் தேடிப் பள்ளிக்கு வந்து நிற்கிறார்கள். "டீச்சர், எம்புள்ள எங்க?" என்று ஒரு தாய் கேட்டபோது என் வாயில் பதில் இல்லை. சிவப்பு மைதான் கண்ணுக்குள் வந்தது.

ஒரு மீனவத் தம்பி பைக்கில் இரண்டு நடை போய் ஏழு பேரையும் கொண்டுவந்தார். பூட்டிய வீட்டு வாசற்படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்களாம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்று அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தியிடம், "ஏம்மா வீட்டுக்கு ஓடின?" என்று கேட்டேன்.

"லாங் பெல் அடிச்சீங்களே டீச்சர்."

மறுநாளே அடையாளத்தை மாற்றினேன். இந்தத் தடவை பிள்ளைகளையே கேட்டேன். மணி வேண்டாம், சத்துணவுத் தட்டைக் கரண்டியால் தட்டினால் மேட்டுக்கு ஓடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டுவேன். முதல் தடவை பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். சிரிக்காதீர்கள், அதற்காகத்தான் பழக்குவது. மூன்றாவது மாதம் எல்லோரும் நேராக மேடேறினார்கள்.

ஹவாய்க்காரர்களுக்கும் பாடம் முடிந்தபாடில்லை. 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறது என்று கைபேசிகளுக்குத் தவறாக ஒரு செய்தி போய், திருத்த 38 நிமிடம் ஆனது. 2023 ஆகஸ்டில் மாவி தீவில் காட்டுத்தீ லஹைனா ஊரையே தின்றபோது தீவில் இருந்த 80 சங்குகளில் ஒன்றுகூட ஊதவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஏன் ஊதவில்லை என்று கேட்டதற்குப் பொறுப்பு அதிகாரி சொன்ன காரணம், சங்கு என்றால் சுனாமி என்று மக்கள் மேட்டை நோக்கி ஓடுவார்கள், தீ மேட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது. மறுநாள் பதவி விலகினார். ஊதியிருந்தால் குறைந்தபட்சம் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்திருப்பார்களே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். என் மனசு ஊர்க்காரர்கள் பக்கம்தான். ஆனாலும் அந்த அதிகாரி சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு முடியவில்லை. லாங் பெல் அடித்தவள் நான்.

புதன்கிழமை வீடியோவைப் பார்த்துவிட்டு, நான் இருந்த பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் ஆசிரியைக்கு போன் போட்டேன். நல்ல பெண். பள்ளிக்குக் கரண்ட் பெல் வந்துவிட்டதாம், வகுப்பில் ஸ்மார்ட் போர்டு எல்லாம் இருக்கிறதாம்.

"அந்தத் தட்டு இருக்காம்மா?" என்றேன்.

"எந்தத் தட்டு டீச்சர்?"

வருகிற வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். தாராளமாக வாங்க என்று சொல்லியிருக்கிறார். பாத்திரக் கடையில் கனமான தட்டாக ஒன்று பார்த்து வாங்கிவைத்துவிட்டேன். வீட்டில் தட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வருகிறது.