"வயசாச்சு" என்று சொன்னவன்

எழுபத்திரண்டு வயதில் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். முப்பத்தேழு வருடம் தபால் ஆபீசில் கடிதக் கட்டுகளைச் சணல் போட்டுக் கட்டியவனுக்கு மூன்று கால் பின்னல் ஒரு பெரிய வித்தையா என்று நினைத்தேன். முதல் நாள் போட்ட பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கு நான் மொட்டையே போட்டுக்கலாம்" என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கை தலைவரை எழாமல் போனதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு மார்கழியில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை, பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியவில்லை என்பாள். ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். "பனிக்காலம், வயசும் ஆச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும்தான் முழங்கால் வலி, அதுவும் இதுவும் ஒன்று என்று என் எண்ணம்.

ஒன்றில்லை. என்னுடையது தேய்மானம். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். அவளுக்கு வந்தது முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிற நோய். பெரும்பாலும் விரல், மணிக்கட்டு போன்ற சிறு மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். ஓய்வில் இறுகும், அசைய அசைய இளகும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

இடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கொடுத்த குட்டி மாத்திரை மாயம் செய்தது. மூன்றாம் நாள் அவளே சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். அந்தப் பழைய சீட்டையே காட்டி எட்டு மாதம் மருந்துக் கடையில் வாங்கி வந்தவன் நான்தான். அது ஸ்டீராய்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட, சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் எடுத்தால் முகம் உப்பும், எலும்பு மெலியும், தோள், தொடைத் தசைகள் வலுவிழக்கும் என்பதையும் உலகம் மெல்லத் தெரிந்துகொண்டது. என் மனைவியின் முகம் உப்பியபோது, உடம்பு தேறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். "வலிகூட இல்லீங்க, தூக்க வலுவே இல்ல" என்றாள்.

மகள் வந்து கையோடு மூட்டுவாத நிபுணரிடம் அழைத்துப் போனாள். தோள் மூட்டிலும் நோய் ஏறியிருந்தது. வலிக்குப் பயந்து அசைக்காமல் வைத்ததில் தசை மெலிந்திருந்தது. மாத்திரையும் தன் பங்குக்குக் கெடுத்திருந்தது. "ஆரம்பத்திலேயே வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார். இப்போது மெத்தோட்ரெக்சேட். அது வாரத்தில் ஒரே நாள் மட்டும். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஞாயிறுதோறும் வட்டம் போட்டு, கொடுத்ததும் அடித்துவிடுகிறேன். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் ஈரல் பரிசோதனையும் உண்டு.

தினமும் தோளுக்குப் பயிற்சி. சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுகிறேன். பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த அதே சுவர்தான். முதல் கோடு தோளுக்குக் கீழே. போன வாரக் கோடு காதுக்கு நேரே.

முன்தலையை இப்போது அவளே சீவிக்கொள்கிறாள். பின்னல் மட்டும் என் பொறுப்பு. கோணல் குறைந்திருக்கிறது என்று போன வெள்ளிக்கிழமை ஒரு சான்றிதழ் கிடைத்தது. ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் கோணியது கோணியதுதான். அது இனி நேராகாது.

உங்கள் வீட்டில் யாராவது காலையில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால், "வயசாச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன்.