கை பலத்துக்கு டானிக் கேக்கறவங்களுக்கு

திருப்பூர் மண்ணரையில கிளினிக் வெச்சிருக்கேன். பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரம் ஆனா போதும், சளி இருமலோட சேர்ந்து இந்தக் கேள்வியும் வந்துடும். "பையன் பென்சிலே புடிக்க மாட்டேங்கறானுங்க டாக்டர். மிஸ் திட்டறாங்க. கை பலத்துக்கு ஏதாச்சும் டானிக் எழுதிக் குடுங்க."

பையனுக்கு என்ன வயசு? நாலு.

நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்புகள் இருக்கு. பிறந்த குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தா அதுல ஒண்ணுகூட தெரியாது, எல்லாமே குருத்தெலும்பு. நாலு வயசுல ஏறக்குறைய பாதிதான் தெரியும். கடைசி எலும்பு தெரிய 8 வயசுக்கு மேல ஆகும். எலும்புக்கே இவ்வளவு நாள்னா, விரலும் கண்ணும் மூளையும் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யவும் நாளாகும்தானே? மூணு வயசுல வட்டம், நாலு வயசுல கூட்டல் குறி, அஞ்சு வயசு வாக்குல முக்கோணம். பெரும்பாலான குழந்தைகளோட கணக்கு இதுதான். இதுக்கு டானிக் கிடையாதுங்க.

அந்தக் கைக்குத் தேவை கிழிக்கறது, பிசையறது, உருட்டறது, ஒட்டறது. 'கிராஃப்ட்'னு சொன்னாலே நமக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்தான் ஞாபகம் வருது. அம்மா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு எட்டரைக்குக் கம்பெனியை விட்டுக் கிளம்பி, சோறாக்கி, பத்து மணிக்கு தெர்மாகோலை வெட்டிட்டு உக்காந்திருப்பாங்க. குழந்தை தூங்கிடுச்சு. அங்க வேலை செஞ்சது யார் கை? கோணல்மாணலா குழந்தை ஒட்டினதையே குடுத்தனுப்புங்கன்னு நான் சொல்லாத பெற்றோர் இல்ல.

இதுக்குப் பொருள் வாங்கவும் வேண்டாம். நம்ம ஊர்ல இல்லாத கிராஃப்ட் சாமானா?

ஒரு கட்டிங் மாஸ்டர் தன் மகளைக் கூட்டிட்டு வந்திருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததும் பாப்பா அலறல். அவர் பாக்கெட்ல இருந்து ஒரு சிங்கிள் ஜெர்சி துண்டை எடுத்தார். விரல் அகலத்துக்குக் குறுக்கால வெட்டினது. ரெண்டு முனையையும் பிடிச்சு இழுத்தார். துணி சர்ருனு சுருண்டு குழாயாயிடுச்சு. பாப்பா அழுகையை நிறுத்திட்டு, "நானு, நானு"ன்னு கை நீட்டுச்சு. அப்பாவுக்கு இப்படியொரு வித்தை தெரியும்னே அதுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ரிப் துணியை இழுத்துப் பாருங்க, அப்படிச் சுருளாது. சிங்கிள் ஜெர்சியில முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணி வேற வேற மாதிரி நிக்கும், அதனால ஓரம் ஒரு பக்கமா மடங்கும். ரிப்புல ரெண்டு பக்கமும் சமம். தொழில்ல இருக்கறவங்களுக்கு இது சாதாரணம், குழந்தைக்கு மேஜிக்.

காலி நூல் கோன் அடுக்கினா கோபுரம். மைதாவைத் தண்ணியில காய்ச்சினா பசை. மஞ்சளைக் குழைச்சு பேப்பர்ல பூசிக் காயவிட்டு, சோப்புத் தண்ணியைத் தொட்டு விரலால வரைஞ்சா சிவப்பா கோடு விழும். (சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். கண்ணுல பட்டா பார்வையே போகலாம்.) அரவிந்த் குப்தான்னு ஒருத்தர், ஐஐடி கான்பூர்ல படிச்ச எஞ்சினியர். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வெச்சே கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டினவர். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவர் பொம்மைகள்ல பாதிக்கு மேல குப்பைக்குப் போக வேண்டிய சாமான்தான்.

வேஸ்ட் எடுக்கறப்போ கட்டிங் டேபிள்ல இருந்து எடுங்க. தைக்கற இடத்துல தரையில கூட்டினது வேண்டாம், உடைஞ்ச ஊசி இருக்கலாம். துவைச்சுட்டுக் குடுங்க. மூணு வயசுக்குக் கீழ இருந்தா பட்டன், ஸ்நாப், மணி எதுவும் கிட்டவே வரக்கூடாது. மூணு சென்டிமீட்டருக்குக் குறைஞ்ச எதுவும் தொண்டையில மாட்டலாம். துணிக் கயிறு ஒரு சாணுக்கு மேல நீளம் வேண்டாம், கழுத்துல சுத்திக்கும். பெரியவங்க யாராச்சும் பக்கத்துல இருக்கணும், ஆத்தாவோ அப்பிச்சியோ போதும்.

நேரம் பத்து நிமிஷம். ரெண்டு வயசுக் குழந்தை மூணு நிமிஷத்துல எழுந்து போயிடும், போகட்டும். வீடு குப்பையாகுதுன்னு கவலையா? பழைய பெட்ஷீட் ஒண்ணு விரிச்சு அதுமேல உக்கார வைங்க. முடிஞ்சதும் நாலு முனையையும் தூக்கி வெளியே உதறினா ஆச்சு. "இது என்ன, யானையா?"ன்னு கேக்காதீங்க. "நீலத் துணி நிறைய ஒட்டியிருக்கியே கண்ணு"ன்னு சொல்லிப் பாருங்க. மீதிக் கதையை அதுவே சொல்லும். வாசல்ல ஒடிசாக்காரர் வீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்தா அதையும் கூப்பிட்டு உக்கார வைங்க. இதுக்கு பாஷை வேண்டியதில்ல.

டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது எப்போன்னும் சொல்லிடறேன். ஒரு வயசுக்கு முன்னாடியே எதுக்கும் ஒரே கையை மட்டும் நீட்டுது, இன்னொரு கை எப்பவும் மூடியே இருக்கு, நேத்து செஞ்சதை இன்னிக்குச் செய்ய முடியல, மூணு வயசாகியும் பென்சில் குடுத்தா கிறுக்கக்கூட வரல. இதுல ஏதாச்சும் இருந்தா தள்ளிப் போடாம கூட்டிட்டு வாங்க.