பத்துக்கு மூன்று

2013-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரைக்கு நான் போட்ட மதிப்பெண் அது. பக்கத்தில் சிவப்பு மையில் 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய்' என்று வேறு எழுதியிருந்தேன்.

திருவனந்தபுரத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். படிக்கிற காலத்தில் திருநெல்வேலி பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போதெல்லாம் முப்பந்தல் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு போனவன். காற்றும் வெயிலும் நல்லவை, நிலக்கரியும் எண்ணெயும் கெட்டவை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கட்டுரைக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டது 'எரிசக்தி மூலங்களைச் சீர்தூக்கிப் பார்த்து எழுதுக' என்று.

அந்த வருஷம் கேரளத்தில் 'சோலார்' என்றாலே மின்சாரம் ஞாபகத்துக்கு வராது. சோலார் மோசடி விவகாரத்தில் ஆகஸ்ட் மாதம் எதிர்க்கட்சியினர் தலைமைச் செயலகத்தையே முற்றுகையிட்டிருந்தார்கள். வகுப்பில் நான் அந்தச் சொல்லை உச்சரித்ததும் பின்பெஞ்சு சிரித்தது. "இங்கே அரசியல் பேசக்கூடாது" என்று அதட்டினேன். சமூக அறிவியல் வாத்தியார் சொன்ன வார்த்தை இது!

மூன்று மதிப்பெண் வாங்கிய அந்தப் பெண் பொழியூர்க்காரி. பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். அப்பாவுக்குக் கடல் தொழில். நான் காற்றாலை பற்றி எதிர்பார்த்த இடத்தில் அவள் மண்ணெண்ணெயைப் பற்றி எழுதியிருந்தாள். வெளிப்பொருத்து எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு தடவை போய்வர முப்பது நாற்பது லிட்டர் ஆகும். பெர்மிட்டில் கிடைக்கும் மானிய எண்ணெய் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். பிறகு வெளியில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும், வாங்கக் காசில்லாவிட்டால் படகு கரையில் கிடக்கும். 'மண்ணெண்ணெய் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் அப்பாவுக்கு வேறு என்ன தருவார்கள்?' என்று முடித்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாததால் வந்த கோபம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மாதம் வகுப்பை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனேன். துறைமுகத்து அலைதடுப்புச் சுவரையொட்டிக் கடலுக்குள் நிற்கும் கான்கிரீட் அறை, சென்னை ஐஐடி வடிவமைத்த அலை மின் நிலையம். 1991-ல் தொடங்கியது, திறன் 150 கிலோவாட். அலை உள்ளே ஏறினால் அறைக்குள் இருக்கும் காற்று மேலே தள்ளப்படும், அலை இறங்கினால் காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் டர்பைன் ஒரே திசையில் சுழலும். இதையெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தேன். 'இயங்கிவருகிறது' என்று நோட்ஸும் கொடுத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, சத்தம் இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சாரே, அது நின்னு ரெண்டு கொல்லம் ஆச்சு" என்றார். 2011-லேயே கைவிட்டுவிட்டார்கள். பருவமழைக் காலத்தில் அலை கொந்தளிக்கும், மற்ற மாதங்களில் தணிந்துவிடும். சோதனை என்ற அளவில் அருமையான முயற்சி, ஆனால் ஊருக்கு விளக்கேற்றும் நிலைக்கு அது வரவே இல்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் துறையில் வரிசையாக நின்ற கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமும் மஞ்சளுமாய் மண்ணெண்ணெய்க் கேன்கள். "சார், இதைத்தான் எழுதினேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னாள்.

அதன் பிறகுதான் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், சைலண்ட் வேலி அணைத் திட்டத்தைப் பற்றி 1979-ல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். தலைப்பிலேயே தொழில்நுட்பம், பொருளாதாரம், சமூகம், அரசியல் நான்கும் உண்டு. அங்கே எதிர்த்தது நிலக்கரியை இல்லை, புனல் மின்சாரத்தை. புகையே இல்லாத மின்சாரம்தான். ஆனால் அணை கட்டினால் மழைக்காடு முழுகும். 'காடு அழகானது' என்று சொல்லிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. மலபாருக்கு மின்சாரம் தேவைதான், அதை வேறு எப்படிக் கொண்டுவரலாம் என்றும் கணக்குப் போட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இப்படியொரு கணக்கு கையெட்டும் தூரத்தில் இருக்க, நான் பிள்ளைகளுக்கு நல்லவன் கெட்டவன் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது பாடத்தை மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு விளக்கு எதில் எரிகிறது என்று கேட்பேன். அந்நேரம் கூரைத் தகட்டுக்கு வெயில் இருக்காது. 1976-ல் தொடங்கிய இடுக்கியின் 780 மெகாவாட் மட்டும் போதாது. மீதிக்கு வெளிமாநிலங்களில், நெய்வேலியிலும் தால்ச்சரிலும், கரி எரிய வேண்டும். கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் கிடையாது, கரியும் சாம்பலும் வேறு ஊர்க்காரர் தலையில். நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக 2023-ல் வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் இயந்திரத்தை இறக்கியதைச் சொன்னபோது, "அப்போ நம்ம ஃபேன் ஓடுறதுக்கா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அரசியல் பேசாதே என்று அவனை அதட்டவில்லை.

அந்த மூன்று மதிப்பெண்ணை நான் திருத்தவில்லை. பதிவேடு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று காரணம் சொல்லிக்கொண்டேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

பிள்ளைகளை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒன்று: கான்கிரீட் அறையைக் காட்டுவதற்கு முன் கரையில் நின்று, இன்றைக்கு மண்ணெண்ணெய் என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள்.