செக்காலையில் ஒரு மாலை

காரைக்குடி, செக்காலை சகாய மாதா ஆலயத்தில் மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கணவர் முன்னே விரைய, மனைவி நாலடி பின்னே நடந்த இணைகள் சில கண்ணில் பட்டன. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இவர்களுள் எத்தனை பேர் உள்ளம் திறந்து பேசுகின்றனரோ என எண்ணினோம்.

பிரிவின் துயரம் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் கொண்டு விற்கச் சென்ற நாளில், மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே காத்திருந்தனர். தேக்குத் தூண்கள் நிற்கும் வீடுகளுக்கு அப்பிரிவும் ஒரு விலையே. ஆயினும் அச்சமூகத்தில் ‘வேறு வைத்தல்’ என்னும் நல்வழக்கம் உண்டு. மணமான மகனும் மருமகளும் அதே பெரிய வீட்டில் தனியே அடுப்பு மூட்டிக் குடித்தனம் தொடங்குவர். உறவு அறுவதில்லை; இருவருக்கென ஓர் இடம் வாய்க்கிறது.

இன்று பர்மாவின் இடத்தில் வளைகுடா நாடுகள். மறைத்த கடன், வளர்ந்த ஐயம், ஆறிய அன்பு ஆகியவற்றோடு ஊர் திரும்பி, அந்நியர்போல் வாழ்வோர் உளர். அவர்களுக்கு வழி உண்டா?

உண்டு. 1977-ஆம் ஆண்டில் கனடாவின் கியூபெக்கில், முறியும் நிலையிலிருந்த தம்பதியருக்காக ‘ரெத்ருவாய்’ என்னும் கத்தோலிக்க முயற்சி தொடங்கியது. ‘மீண்டும் கண்டடைதல்’ என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். இடர்ப்பட்டு மீண்ட தம்பதியரும் குரு ஒருவரும் வார இறுதியில் தம் அனுபவத்தைக் கூறுவர். கேட்போர் தம் குடும்ப இரகசியத்தைப் பிறர்முன் சொல்ல வேண்டியதில்லை. தம் உணர்வுகளைத் தாளில் எழுதித் துணைவரிடம் மட்டும் காட்டித் தனிமையில் உரையாடுவர். பின்னர்த் தொடர் கூட்டங்களும் உண்டு.

குடும்ப ஆலோசகர்களும் இதையொத்த பயிற்சியே தருகின்றனர். ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார். கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்வார். ‘நீ எப்போதுமே இப்படித்தான்’ என்னும் குற்றச்சாட்டு, ‘அன்று என் மனம் நொந்தது’ என்னும் உண்மையாக மாறும். மன்னிப்பை ஒரு நாளில் வழங்கிவிடலாம், நம்பிக்கை அத்தகையதன்று. மறைத்த கணக்கைத் திறந்து காட்டி, சொன்ன வேளையில் வீடு திரும்பி, சிறுசிறு வாக்குகளைக் காத்து அதனை ஈட்ட வேண்டும். அதன் பின்னரே உடலின் நெருக்கமும் அச்சமின்றித் திரும்பும்.

ஒன்றை மறத்தலாகாது. அடியும் மிரட்டலும் உள்ள இல்லத்தில் முதல் தேவை உரையாடலன்று, பாதுகாப்பே. 181 என்னும் பெண்கள் உதவி எண் அதற்கென உள்ளது.

செக்காலை என்றதும் செக்கு நினைவுக்கு வருகிறது. எள் ஒரே சுற்றில் எண்ணெய் தருவதில்லை. பொறுமையாய்ச் சுற்றிச் சுற்றி வந்த பின்னரே கசியத் தொடங்கும். நாம் எழுந்தபோது, ஆலயப் படியில் முதியவர் ஒருவர், மனைவி செருப்பணியும் வரை காத்து நின்றார். பின் இருவரும் ஒன்றாய் நடந்தனர்.

அன்பு வாசகர்களே, இன்றிரவு கைப்பேசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் துணைவருடன் அமருங்கள். முதற்சுற்று தொடங்கட்டும்.