உடற்பருமன் உடல்பேறு குறைவாகுமா?



சென்ற தவணையின் இறுதியில், பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாய் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. மகனின் மதிப்பெண் அறிக்கையைப் பார்த்தார், கையொப்பமிட்டார், ஆனாலும் எழுந்து போகவில்லை. பின்னால் நின்ற பெற்றோர் நகரும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயா, இவனுக்கு ஓகேயூ கார்டு எடுக்க முடியுமாங்க?"

நான் திகைத்துப் போனேன். அவருடைய மகன் ஐந்தாம் ஆண்டு மாணவன். பார்வையிலோ செவியிலோ பேச்சிலோ அவனுக்கு எக்குறையும் இல்லை. கணிதத்தில் வகுப்பிலேயே முதல் மூவருள் ஒருவன். வயதுக்கு மிஞ்சிய உடல் எடை மட்டுமே உண்டு. உதவித்தொகையை எண்ணிக் கேட்கிறார் போலும் என்று நானாகக் கருதிக்கொண்டு, "அதுக்கெல்லாம் நிபந்தனை இருக்கும்மா" என்றேன்.

"காசுக்காகக் கேக்கலைங்க ஐயா. கார்டு இருந்தா மத்த பிள்ளைங்க கேலி பண்ண பயப்படுவாங்கல்ல? சட்டம் இருக்குன்னு சொல்லலாம்ல?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று கூறி அவரை அனுப்பி வைத்தேன். விடை தெரியாத ஆசிரியர் சொல்லும் விடை அது. அன்றிரவு தொடங்கிச் சில வாரங்கள் தேடிப் படித்தேன். படித்தவற்றையும், படிக்கும்போது என் மனத்தை உறுத்திய பழைய நிகழ்வு ஒன்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் உடல்பேறு குறைந்தோர் சட்டம் 2008-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நாம் அன்றாடம் 'ஓகேயூ' என்று சுருக்கிச் சொல்வது 'ஓராங் கூராங் உப்பாயா' என்னும் மலாய்த் தொடரைத்தான். உடலிலோ மனத்திலோ அறிவிலோ புலனிலோ நீண்டகாலக் குறைபாடு இருந்து, அது பல்வேறு தடைகளோடு சேரும்போது சமுதாயத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகக்கூடியவர் என்பது அச்சட்டம் தரும் வரையறையின் சாரம்.

இவ்வரையறையில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று குறைபாடு, மற்றொன்று தடை. சக்கர நாற்காலியில் வருபவரை வாசலிலேயே நிறுத்துவது அவருடைய கால்கள் மட்டும் அல்ல, வாசலில் உள்ள படிக்கட்டுமே. இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

சமூகநலத் துறையில் பதிவு செய்துகொள்ள ஏழு பிரிவுகள் உள்ளன. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல்வகைக் குறைபாடு என்பன அவை. உடற்பருமன் அவற்றுள் ஒரு பிரிவாக இல்லை. ஆகவே அத்தாயின் கேள்விக்கு நேரடியான விடை, 'இல்லை' என்பதே. மேலும், இச்சட்டம் இயற்றப்பட்டபோது, பாகுபாடு காட்டுவோரைத் தண்டிக்கும் பிரிவு எதுவும் அதில் இடம்பெறவில்லை. அட்டை கிடைத்தால் கேலி நின்றுவிடும் என்பது ஒரு தாயின் நம்பிக்கை. சட்டம் அத்தகைய வாக்குறுதி எதையும் தரவில்லை.

டென்மார்க்கில் ஒரு வழக்கு

பருமனைச் சட்டம் உடல்பேறு குறைவாக ஏற்க வேண்டுமா என்னும் கேள்வி மற்ற நாடுகளில் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. அவற்றுள் ஒன்று நம்மைப் போன்று பிள்ளைகளோடு பணியாற்றிய ஒருவரைப் பற்றியது.

நம் பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டைகள் பிறந்த ஊர் டென்மார்க்கிலுள்ள பில்லுண்ட். அந்நகராட்சியின்கீழ்த் தம் இல்லத்திலேயே சிறு பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியைப் பதினைந்து ஆண்டுகள் செய்தவர் கார்ஸ்டன் கால்டோஃப்ட். அவருடைய எடை ஏறத்தாழ 160 கிலோ. 2010-இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது நகராட்சி சொன்ன காரணம். பராமரிப்பாளர் பலர் இருக்க, தம்மை மட்டும் தேர்ந்தெடுத்தது தம் எடையை வைத்துத்தான் என்று அவர் வழக்காடினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பர் 18-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பருமன் என்பது தன்னளவில் உடல்பேறு குறைவு ஆகாது. ஆனால் அது நீண்ட காலம் நீடித்து, மற்றவரோடு சமமாகப் பணியாற்ற முடியாதபடி ஒருவரைத் தடுக்குமானால், உடல்பேறு குறைவாகக் கருதப்படலாம் என்றது. இன்னொன்றையும் அந்நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்நிலை ஏற்பட அவரே எந்த அளவுக்குக் காரணம் என்பதைப் பார்க்கத் தேவையில்லை என்றது. "தின்று தின்று பெருத்தான், இதற்குச் சட்டம் வேறா?" என்று கேட்போருக்கான மறுமொழி இது. விரைந்து வண்டியோட்டிக் காலிழந்தவருக்கு நாம் சக்கர நாற்காலியை மறுப்பதில்லை அல்லவா?

பின்னர் வழக்கு டென்மார்க்குக்கே திரும்பியது. 2016-இல் அங்குள்ள நீதிமன்றம், அவருடைய எடை அவருடைய பணிக்குத் தடையாக இருக்கவில்லை, ஆகவே அவர் உடல்பேறு குறைந்தவர் அல்லர் என்று முடிவு செய்தது. அவர் தோற்றார்.

இதைப் படித்தபோது சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். வேலையை நன்றாகச் செய்தார் என்பதே அவருக்கு எதிராக நின்றது. பாதுகாப்பு வேண்டுமானால் 'என்னால் முடியாது' என்று மெய்ப்பிக்க வேண்டும். வேலை வேண்டுமானால் 'என்னால் முடியும்' என்று மெய்ப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே எப்படி மெய்ப்பிப்பார்?

அமெரிக்காவின் இரு பாதைகள்

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த போனி குக் என்னும் பெண்மணி, அறிவு வளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் முன்னர் இருமுறை நற்பெயரோடு பணியாற்றியவர். 1988-இல் மீண்டும் விண்ணப்பித்தபோது எடையைக் காரணம் காட்டி அவரை மறுத்துவிட்டனர். 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்நாட்டு நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. 2019-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், தன் மாநிலச் சட்டத்தின்படி பருமன் எப்போதும் ஒரு குறைபாடே என்றது. அதே ஆண்டில் சிகாகோவிலுள்ள கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வேறொரு உடலியல் கோளாற்றால் விளைந்தாலன்றிக் கூட்டரசுச் சட்டத்தின்கீழ்ப் பருமன் குறைபாடாகாது என்றது.

இந்த இழுபறியைத் தவிர்த்த வேறொரு பாதையும் அங்கே உண்டு. மிச்சிகன் மாநிலம் 1976-இலேயே, இனம், சமயம் ஆகியவற்றோடு உயரத்தையும் எடையையும் சேர்த்து, இவற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக்கூடாது என்று சட்டம் இயற்றியது. நியூயார்க் மாநகரம் 2023-இல் இதைப் போன்றதொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே பாதிக்கப்பட்டவர் தம்மைக் குறையுள்ளவர் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பாகுபாடு காட்டியவர்தாம் கூண்டில் நிற்கிறார்.

என் கருத்து

பருமனை ஒட்டுமொத்தமாக உடல்பேறு குறைவு என்று சட்டம் வகைப்படுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். நம் இந்தியரிடையே இவ்விகிதம் மற்ற இனத்தாரைவிட உயர்ந்திருந்ததை 2019-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. பருமனின் எல்லைக்கோட்டை எங்கே வரைந்தாலும் பெருந்தொகையினர் அதனுள் வருவர். அத்தனை பேருக்கும் ஒரே பெயரைச் சூட்டினால், உண்மையிலேயே நடக்க இயலாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவருக்குச் சேரவேண்டிய கவனம் நீர்த்துப்போகும். எடை காரணமாக நடமாட்டமே குன்றியவர்க்கு, அந்த இயலாமையை அளந்து உதவுவதே முறை.

அதே வேளையில், 'குறைபாடு இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை' என்று கைவிரிப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மிச்சிகன் காட்டிய வழியே எனக்கு நேரியதாகத் தோன்றுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-இல் பருமனை ஒரு நோயாக அறிவித்தது. நோய் என்பது மருத்துவர் சொல்; உடல்பேறு குறைவு என்பது சட்டத்தின் சொல்; 'குண்டு' என்பது வகுப்பறையின் சொல். அத்தாய் முறையிட்டது மூன்றாவது சொல்லைப் பற்றி. அதற்கு மருந்தை இரண்டாவது சொல்லில் தேடினார். பள்ளி தரவில்லையே, வேறென்ன செய்வார்?

என் பங்கு

இனி, என்னை உறுத்திய நிகழ்வு. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் உடற்கல்வியும் கற்பித்து வந்தேன். நான்காம் ஆண்டு முதல் செகாக் உடல் தகுதித் தேர்வு உண்டென்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். பலகையில் ஏறி இறங்குவது முதலான பயிற்சிகளோடு உயரமும் எடையும் அளந்து உடல் நிறை குறியீட்டைக் கணக்கிட வேண்டும். வேலை விரைவில் முடியட்டும் என்று நான் எடைக் கருவியருகே நின்று எண்ணை உரக்கச் சொல்வேன். வகுப்புத் தலைவன் எழுதிக்கொள்வான். நாற்பது பிள்ளைகளும் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாணவியின் எண்ணை நான் சொன்னதும் வரிசை முழுதும் சிரித்தது. "சிரிக்காதீர்கள்" என்று அதட்டிவிட்டு அடுத்த பெயரை அழைத்தேன். அன்று முதல் அந்த எண்ணே அவளுக்குப் பெயராயிற்று. அடுத்த தேர்வன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த தேர்வன்றும் வரவில்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போகாமல் கழிப்பறையில் நின்றிருக்கிறாள் என்பது ஆண்டிறுதியில்தான் எனக்குத் தெரிய வந்தது. சிரித்தவை பிள்ளைகள், ஆனால் சிரிப்பதற்கு எண்ணைக் கொடுத்தவன் நான்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1992 முதல் 2007 வரை 'டாஃப்' என்னும் திட்டம் பள்ளிகளில் நடந்தது. எடை மிகுந்த மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி அளித்தார்கள். பருமன் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் 'டாஃப்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள் வரும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவருக்கும் பொதுவான உடல்நலத் திட்டம் வந்தது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும், தனியே பிரித்து நிறுத்துவது பிள்ளையின் மனத்தில் தழும்பாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் செய்யும் அழிவை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் அதை மருத்துவரும் பெற்றோரும் பிள்ளையும் தனியே அமர்ந்து பேசட்டும். வரிசையில் வைத்துப் பேச வேண்டியதில்லை.

நிறைவாக

மூன்று வாரங்களுக்குப் பிறகு அத்தாயை மீண்டும் அழைத்தேன். "கார்டு கிடைக்காதும்மா. ஆனா கார்டு இல்லாமலே செய்யக்கூடியது இருக்கு" என்றேன். அவர் மகனை அழைத்து, வகுப்பில் எது கடினமாக இருக்கிறது என்று கேட்டேன். கேலியைப் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நாற்காலிங்க ஐயா. கை வச்ச நாற்காலி. எந்திரிக்கும்போது கூடவே வருது. அதுக்குத்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான்.

சட்டத்தின் வரையறையில் 'தடை' என்று படித்தேனே, அது என் வகுப்பறையிலேயே ஆண்டு முழுவதும் கிடந்திருக்கிறது. கணக்குக்கு விடை சொல்லத் தெரிந்தும் அவன் ஏன் எழுந்து நிற்பதில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

கிடங்கில் கையில்லாத பழைய மர நாற்காலிகள் இருந்தன. அவனுக்கு மட்டும் மாற்றினால் அது இன்னொரு கேலிக்கு வழியாகும் என்று, அவ்வரிசை முழுவதற்கும் மாற்றிவிட்டோம். தலைமையாசிரியரின் இசைவைப் பெற ஐந்து நிமிடம் ஆயிற்று. செலவு ஒரு வெள்ளியும் இல்லை. எடை அளக்கும் கருவியை நூல்நிலையத்தின் மூலைக்கு மாற்றினோம். இப்போது ஒரு வேளையில் ஒரு பிள்ளை மட்டுமே உள்ளே செல்கிறது. எண்ணை ஆசிரியரே எழுதிக்கொள்கிறார்.

கேலி முற்றும் நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சென்ற வாரம் கணித வேளையில் அவன் தானாகவே எழுந்து நின்று விடை சொன்னான். விடை தவறு. அதற்கும் வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆசிரிய நண்பர்களே, நாளை உங்கள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் நாற்காலிகளை ஒருமுறை பாருங்கள். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளையை நீங்கள் அழைக்கும் செல்லப் பெயரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சட்டம் வரும்போது வரட்டும்.